நவ்ரஸ் கடலைத் தொடக் கூடாது

அத்தியாயம் 9

குற்றவாளி பிடிபட்டாயிற்று. கேஸ் முடிந்தது என்று தளபதி அலுவலகத்திலிருந்து போன் வந்தாயிற்று. விசாரணை அதிகாரி ரவ்தாவுக்கு மட்டும் காலையிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பல்லிடுக்கில் நார் சிக்கியது போல ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றான் ஷெத்லி. "ஜெயிச்சா மூஞ்சி இப்படித்தான் இருக்குமா? அப்ப தோத்தா எப்படி இருக்கும்?"

ஷெத்லி அவளுடைய உதவியாளன். டூனா மீனும் ஹரீஸா மிளகாய் விழுதும் அடைத்த ரொட்டியை வாய் நிறைய வைத்துக்கொண்டும் வாயாட அவனால் முடியும்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"மூடினா எப்படிச் சாப்பிடறது?"

ரவ்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஏரி மினுங்கியது. படகுத்துறையில் நவ்ரஸ் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

மர்ஸா ஸைதூன் கடற்படைத் தளத்தில் இரண்டு மாதமாக அந்தக் கப்பலைப் பற்றித்தான் பேச்சு. நாற்பத்தொரு வயது ரோந்துக் கப்பல். துனிசியாவின் வடகரையில் அது துரத்தாத கள்ளப்படகு இல்லை. இரண்டு வருடம் பழுதுபார்க்கும் டாக்கில் கிடத்தி, கிழட்டு எஞ்சினைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இரட்டை எஞ்சின் வைத்தார்கள். புது ராடார், அதைச் சுமக்க உயரமான கம்பம், தலை முதல் கால் வரை புது ஒயரிங். பதினான்கு நாட் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கப்பல் இனி இருபத்து நான்கில் பறக்கும் என்றார்கள்.

பறக்கவில்லை. மூன்று முறை சோதனை ஓட்டத்துக்குப் போனது. மூன்று முறையும் வேகம் கூட்டும் நேரத்தில் எஞ்சின் நின்றுபோய், இழுவைப் படகுக்குப் பின்னால் தலைகுனிந்து திரும்பி வந்தது. யாரோ கைவைக்கிறார்கள் என்று தெரிந்தது. கப்பலைப் புதுப்பிக்கும் பிரிவின் தலைவர் கமாண்டர் கஸ்லான் நேராக ரவ்தாவின் அறைக்கு வந்தார். "நாலாவது ஓட்டத்துக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடுங்க. அதுவும் போச்சுன்னா நவ்ரஸை வெட்டி இரும்புக்குப் போட்டுடுவாங்க," என்றார்.

பிடித்துக் கொடுத்துவிட்டாள். இன்று காலை ஆறே முக்காலுக்கு எஞ்சின் அறையின் அடித்தளத்தில் மண்டியிட்டபடி அகப்பட்டார் முங்கி. ஐம்பத்தெட்டு வயது தலைமை மெக்கானிக். இருபத்து மூன்று வருடம் நவ்ரஸிலேயே குப்பை கொட்டியவர். சட்டைப்பையில், எண்ணெய்த் துணியில் பத்திரமாகச் சுற்றிய, விரல் நீளப் பித்தளை ஊசி. எரிபொருள் பம்பிலிருந்து கழற்றியது.

"ஷெத்லி, அந்த ஊசி இல்லேன்னா எஞ்சின் என்ன ஆகும்?"

"மெதுவா ஓடும் மேடம். பதினஞ்சு நாட் தாண்டினா மூச்சடைச்சு நின்னுடும்."

"ஒரு கப்பலை நாசம் பண்ணணும்னு நினைக்கறவன் அதையா கழட்டுவான்? ஒரு பிடி மணலை எண்ணெயில போட்டா எஞ்சினே காலி. இவர் என்னடான்னா மெதுவா ஓடறதுக்கு விட்டுட்டு, வேகத்தை மட்டும் தடுக்கறார்."

"கருணையுள்ள நாசக்காரர்."

"அதோட, மூணு தடவையும் மறுநாள் ஊசி எஞ்சினியர் மேசைக்குத் திரும்பி வந்துடுச்சு. துடைச்சு, எண்ணெய் போட்டு. எந்தத் திருடன் திருடின சாமானுக்கு எண்ணெய் போட்டுத் திருப்பி வைப்பான்?"

ஷெத்லி மெல்லுவதை நிறுத்தினான். "மேடம், கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்லி இன்னும் மூணு மணி நேரம்கூட ஆகல. ஒரு அரை நாளாவது முடிஞ்சு கிடக்கட்டுமே."

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

*

காவல் அறையில் முங்கி கைவிலங்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றான் காவலாள். கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்விதானாம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

ரவ்தா உள்ளே நுழைந்ததும் அவளிடமும் அதையே கேட்டார். "மணி என்ன?"

"ஒன்பது பத்து. எதுக்குக் கேக்கறீங்க ஸி முங்கி?" பெரியவர் என்பதால் பெயருக்கு முன்னால் 'ஸி' போட்டாள்.

"ஊசி உங்ககிட்டதானே இருக்கு?"

"சாட்சிப் பையில இருக்கு. ஏன்?"

அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. நிம்மதி போலத் தெரிந்தது. மாட்டிக்கொண்ட ஆளுக்கு என்ன நிம்மதி என்று ரவ்தாவுக்குக் கோபமாக வந்தது.

"இருபத்து மூணு வருஷம் சோறு போட்ட கப்பல். அதை ஏன் இப்படிப் படுத்தறீங்க? புது எஞ்சின் பிடிக்கலயா?"

"எஞ்சின் நல்ல எஞ்சின்."

"பின்னே?"

"நான் எழுதிக் குடுத்தேன் லல்லா." அம்மா என்பதற்கு அவர்கள் ஊர் மரியாதைச் சொல் அது. "ஒரு தடவை இல்ல, ஆறு தடவை. யாரும் படிக்கல. இப்ப வாயால சொன்னா மட்டும், மாட்டிக்கிட்டவன் உளர்றான்னுதான் சொல்வீங்க. போய் அந்தக் கடுதாசியைப் பாருங்க. பாத்துட்டு வாங்க, பேசறேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷெத்லி சொன்னான். "என் பொண்டாட்டியும் இப்படித்தான் மேடம். 'நான் சொன்னேன்ல'ன்னு மட்டும் சொல்வா. என்ன சொன்னாங்கறதை நாமதான் துப்பறியணும்."

*

ஆவண அறை லத்தீஃபாவின் ராஜ்ஜியம். அங்கே ஒரு காகிதம் உள்ளே போவது எளிது. வெளியே வருவதற்கு அதற்கு ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும்.

"மனு?" என்றாள் லத்தீஃபா, தலையை நிமிர்த்தாமலே.

"அவசரம் லத்தீஃபா."

"அவசரத்துக்குத் தனி மனு. நீலக் கலர்."

"நீல மனு எங்க இருக்கு?"

"தீர்ந்துபோச்சு. புதுசு அடிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கேன்."

ரவ்தா மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். ஷெத்லி அவசரமாக நடுவில் புகுந்தான். "லத்தீஃபா அக்கா, மேடம் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. இப்ப இந்த மேசையைக் கடிச்சாங்கன்னா அதுக்கு எந்தக் கலர் மனு?"

லத்தீஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் நாற்பது நிமிடம் மிச்சமாயிற்று. ஆனாலும் தேடுவதற்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. கப்பல் பழுது என்ற தலைப்பில் இல்லை. எஞ்சின் என்ற தலைப்பில் இல்லை. கடைசியில் 'ஊழியர் தனிப்பட்ட புகார்கள்' என்ற கட்டுக்குள், செருப்பு அளவு சரியில்லை என்று ஒரு சமையல்காரர் எழுதிய கடிதத்துக்கு அடியில் கிடைத்தன. ஆறு கடிதங்கள். ஆறும் ஒரே வரி. முங்கியின் கோணல்மாணல் எழுத்து.

*நவ்ரஸ். 31 முதல் 34 வரை. திறந்து பாருங்கள்.*

"இதைவிடச் சுருக்கமா தந்திகூட அடிக்க முடியாது," என்றான் ஷெத்லி.

ஆறாவது கடிதத்தோடு ஒரு பதில் குத்தியிருந்தது. தட்டச்சு செய்த பதில். *ஊழியர் அலமாரி எண் 31 முதல் 34 வரை திறந்து பார்க்கப்பட்டன. குறை ஏதும் இல்லை.*

ஷெத்லி விழுந்து விழுந்து சிரித்தான். "அலமாரியைத் திறந்து பாத்திருக்காங்க மேடம்! உள்ள யாரோட சாக்ஸ் இருந்துச்சோ!"

ரவ்தா சிரிக்கவில்லை. கப்பலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எண் என்றால் ஒன்றுதான். மூக்கிலிருந்து வால் வரை வரிசையாக நிற்கும் இரும்புச் சட்டங்கள், கப்பலின் விலா எலும்புகள். 31 முதல் 34 என்றால் எஞ்சின் அறைக்கு நேர் அடியில்.

"லத்தீஃபா, நவ்ரஸ் டாக்ல இருந்தப்ப அடித்தகட்டைச் சோதிச்ச அறிக்கை இருக்கா? அப்புறம் அது எந்தெந்தக் கட்டை மேல உட்கார்ந்துச்சுன்னு ஒரு படம் இருக்குமே, அதுவும் வேணும்."

அறிக்கை கனமாக இருந்தது. நானூற்றுச் சொச்சம் இடங்களில் தகட்டின் தடிமனை அளந்து எழுதியிருந்தார்கள். 31 முதல் 34 வரை எல்லா இடத்திலும் ஒன்பது மில்லிமீட்டர். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மற்ற இடங்களில் எட்டரை, எட்டு, ஒன்பதேகால் என்று ஏறி இறங்கும் எண்கள் இந்த நான்கு விலாவுக்குள் வந்ததும் அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றன.

பக்கத்தில் கட்டைப் படத்தை விரித்தாள். டாக்கில் தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகள் மேல்தான் உட்கார வைப்பார்கள். கட்டை முட்டும் இடத்தில் கை நுழையாது. எஞ்சின் கனத்துக்காக 31லிருந்து 34 வரை கட்டைகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கியிருந்தார்கள்.

"வெளியில இருந்து இங்க யாருமே அளந்திருக்க முடியாது," என்றாள் ரவ்தா.

"உள்ள இருந்து அளந்திருக்கலாமே? எஞ்சின் அறைக்குக் கீழ காலி அறை ஒண்ணு இருக்கும். மூடியைக் கழட்டிட்டு இறங்கலாம்."

"கழட்டினாங்களான்னு எப்படித் தெரியும்? கப்பல் இப்பப் புறப்பட்டுடும்."

ஷெத்லி லேசாக நெளிந்தான். "மேடம், திட்டக் கூடாது. காலையில முங்கியைப் பிடிச்சப்ப... ஞாபகார்த்தமா... நான் ஒரு செல்ஃபி எடுத்தேன்."

அவள் திட்டுவதற்குப் போனைப் பிடுங்கினாள். திட்டவில்லை. படத்தில் ஷெத்லியின் பல் வரிசை முக்கால் இடத்தை அடைத்திருந்தது. தோளுக்குப் பின்னால் மண்டியிட்ட முங்கி. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வட்ட மூடி. எஞ்சின் அறை முழுக்கப் புது வெளிர்ப்பச்சைப் பெயின்ட். அந்த மூடி மட்டும் பழைய சாம்பல் நிறம். விரலால் பெரிதாக்கினாள். சுற்றியிருந்த நட்டுகள் ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் கட்டியாக, கீறல் விழாமல், பல வருடத்துப் படிவாக ஒட்டியிருந்தது. ஒரு நட்டைத் திருகியிருந்தாலும் அது உடைந்திருக்கும்.

வெளியில் அளக்க முடியாது. உள்ளே யாரும் போகவில்லை. ஆனால் அறிக்கையில் ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

ரவ்தா அறிக்கையை மூடினாள். "ஷெத்லி, நாம நாசக்காரனைப் பிடிக்கல. அந்தக் கப்பலுக்கு இருந்த ஒரே பிரேக்கைக் கழட்டி லாக்கப்ல போட்டிருக்கோம்."

வெளியே ஏரிப்பக்கம் நீளமாக ஒரு சங்கு ஊதியது. மணி பத்தரை. நவ்ரஸ் துறையை விட்டு நகர்ந்தது.

*

"ஊசி உங்ககிட்ட இருக்குன்னீங்களே!" முங்கி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்.

"உதிரி ஊசி மாட்டிட்டாங்க ஸி முங்கி. நீங்கதான் பிடிபட்டாச்சே, இனி பயமில்லைன்னு கஸ்லானும் கூடவே போறார். மொத்தம் நாப்பது பேர்."

"ஒன்பது வருஷம் முன்னாடி நான் அந்த அறைக்குள்ள இறங்கினேன் லல்லா. தகட்டைத் தட்டினா மணி மாதிரி கேக்கணும். தகர டப்பா மாதிரி கேட்டுச்சு. அதுக்கப்புறம் மூடியை யாரும் திறக்கல. பழைய எஞ்சினுக்கு அது தாங்கும். இருபத்து நாலு நாட் வேகத்துல அலை மேல விழுந்து எழுந்தா..." 

"நீங்களே திறந்து காட்டியிருக்கலாமே?"

"திறக்க அனுமதிச் சீட்டு வேணும். சீட்டு குடுக்கறது கஸ்லான்."

அடுத்த பன்னிரண்டு நிமிடங்கள் ரவ்தாவின் வாழ்க்கையிலேயே மோசமான பன்னிரண்டு நிமிடங்கள். கஸ்லானின் போன் அணைக்கப்பட்டிருந்தது. கப்பலின் தலைவர் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வயர்லெஸ் அறையில் இருந்தவன் கையை விரித்தான். பழைய செட்டைக் கழற்றியாயிற்றாம். புது செட்டுக்கு ரகசிய எண் வேண்டுமாம். ரகசிய எண் நவ்ரஸில் இருக்கிறதாம். தளபதி கூட்டத்தில் இருந்தார். கூட்டத்துக்கு வெளியே நின்ற அதிகாரி, "எழுத்துல குடுங்க மேடம், உடனே உள்ள அனுப்பறேன்," என்றார் மிக மரியாதையாக.

"எழுத்துல ஆறு தடவை குடுத்தாச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஷெத்லிதான் அவளை வெளியே இழுத்து வந்தான். "மேடம், கப்பலைக் கூப்பிட முடியாது. கடல் கதவைச் சாத்த முடியுமான்னு பாருங்க."

"என்ன உளர்றே?"

"ஏரியில இருந்து கடலுக்கு ஒரே வழிதானே. கால்வாய். நடுவுல பாலம். பழைய நவ்ரஸா இருந்தா பாலத்துக்கு அடியிலயே குனிஞ்சு போயிருக்கும். இப்ப ராடார் கம்பத்தை உயர்த்திட்டாங்க. பாலத்தைத் தூக்கினாத்தான் போக முடியும். பதினோரு மணிக்குத் தூக்கறாங்க."

ரவ்தா பாலத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள். தூக்குவதை நிறுத்தச் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் கொட்டாவியை முடித்துவிட்டுப் பேசினார். "நிறுத்தலாம் மேடம். துறைமுக முத்திரை போட்ட கடுதாசி ஒண்ணு கொண்டுவாங்க."

போனை அணைத்தாள். "முங்கியையும் கூட்டிட்டு வா. மூடியை அவர்தான் காட்டணும். வண்டியை எடு."

*

வண்டி ஷெத்லியின் மாமனாருடையது. பின்சீட்டில் விலங்கு மாட்டிய முங்கி. பதினோரு மணிக்குப் பாலத்தைத் தூக்கும் முன் தாண்டிவிட நகரமே துடித்தது. மீன் லாரிகள், காய்கறி வண்டிகள், ஒரு கல்யாண ஊர்வலம். அத்தனை பேரும் ஹாரனில் கைவைத்தபடி ஊர்ந்தார்கள். கால்வாயின் ஏரி முனையில் நவ்ரஸின் கம்பம் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது.

மணி பத்து ஐம்பத்தாறு. சைரன் கத்தியது. சிவப்புத் தடுப்பு இறங்க ஆரம்பித்தது.

"பூந்து போ!"

"மேடம், கம்பு மேல இடிச்சா மாமனார் என்னை..."

"போ!"

தடுப்புக் கம்பு பின்கண்ணாடியை உரசிக்கொண்டு இறங்கியது. வண்டி பாலத்தின் மேல் தனியாக ஓடியது. எதிர்ப்பக்கமும் காலி. பாலத்தின் இரண்டு பாதியும் சேரும் இடம் வந்ததும் ரவ்தா கையை நீட்டிச் சாவியைத் திருப்பிப் பிடுங்கினாள். வண்டி குலுங்கி நின்றது.

"இறங்கு."

"இதுதான் திட்டமா?"

"இதுதான் திட்டம்."

"என் மாமனார் வண்டியை நடுப்பாலத்துல வெச்சுட்டு, பாலத்தைத் தூக்கறவனைத் தூக்கிப் பாருன்னு சொல்றது. இதுக்குத்தான் அரசாங்கம் உங்களைப் படிக்க வெச்சுதா மேடம்?"

ஒலிபெருக்கி அலறியது. "வண்டியை எடு! பாலத்து மேல இருக்கற வண்டி! உனக்குத்தான்டா சொல்றேன்!" இரண்டு கரையிலும் ஹாரன்கள் ஒன்றாய்ச் சேர்ந்தன. கல்யாண ஊர்வலத்தில் மேளக்காரர்கள், ஏதோ விசேஷம் என்று நினைத்து, இன்னும் வேகமாக அடித்தார்கள். யாரோ ஒருவர் ரவ்தாவின் குலத்தையே இழுத்துத் திட்டினார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கால்வாயைப் பார்த்தபடி நின்றாள்.

நவ்ரஸ் வந்துகொண்டிருந்தது. சங்கை ஒரு முறை ஊதியது. மறுபடி ஊதியது. பிறகு மூக்குக்கு முன்னால் நுரை தணிந்தது. எஞ்சின் பின்னோக்கிச் சுழல, பாலத்துக்கு இருநூறு அடி தள்ளி நின்று, கரையோரத் துறையை நோக்கிப் பக்கவாட்டில் ஒதுங்கியது.

பின்சீட்டில் முங்கி கண்ணை மூடிக்கொண்டார்.

*

வண்டியைப் பாலத்திலேயே விட்டுவிட்டு மூவரும் நடந்து துறைக்கு வந்தபோது, கஸ்லான் கயிறு கட்டும் முன்பே துறையில் குதித்திருந்தார். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க தொப்பியைக் கழட்ட வைக்கறேன்! ஒரு நாசக்காரனைக் காருல உக்கார வெச்சு ஊர்வலமா?"

"31லிருந்து 34 வரைக்கும் மூடியைத் திறக்கணும் கமாண்டர். பத்து நிமிஷ வேலை. ஒன்பது மில்லி இருந்தா என் தொப்பியை நானே கழட்டித் தர்றேன்."

"அறிக்கை இருக்கு. அளந்தாச்சு."

"எப்படி அளந்தீங்க? கீழ கட்டை. மேல மூடி பெயின்ட்கூட உடையல." போனில் படத்தை நீட்டினாள். ஷெத்லியின் பல்லைத் தாண்டிப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் உடனே சமாளித்தார்.

"அளவெடுத்தவன் சோம்பேறித்தனமா எழுதியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் நானும் நினைச்சேன்." ரவ்தா பையிலிருந்து அந்தத் தட்டச்சுப் பதிலை எடுத்தாள். "ஆறாவது கடுதாசிக்கு இந்தப் பதில். முப்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்துநாலு வரைக்கும் அலமாரி திறந்து பாத்தாச்சுன்னு. படிச்சிட்டு எங்க ஷெத்லி சிரிச்சான். லத்தீஃபா மாதிரி ஆபீஸ்ல இருக்கறவங்க எழுதியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். கீழ யார் கையெழுத்துன்னு பாருங்க கமாண்டர். இருபது வருஷம் கப்பலோட எலும்பை எண்ணினவர், நவ்ரஸ்னு மேல எழுதியிருக்கற கடுதாசியில முப்பத்தொண்ணுன்னா அலமாரின்னு நினைப்பாரா?"

துறையில் நின்ற மாலுமிகள் கஸ்லானைத் திரும்பிப் பார்த்தார்கள். 

கஸ்லான் தாழ்ந்த குரலில் பேசினார். "இதுக்கு முன்னாடி மூணு கப்பல். தகடு தேய்ஞ்சுடுச்சுன்னு உண்மையை எழுதினேன். மூணையும் வெட்டிட்டாங்க. பழசைச் சரிபண்ணப் பணம் குடு, புதுசு வாங்கிக் குடுன்னு பத்து வருஷமா நடையா நடக்கறேன். எதுவும் வரல. டாக்கைக் காலி பண்ண ஒரு நாள்தான் மிச்சம் இருந்துச்சு. பக்கத்துத் தகடெல்லாம் எட்டு, ஒன்பதுன்னு இருந்துச்சு. இதுவும் ஒன்பதாத்தான் இருக்கும்னு எழுதினேன். இருக்கும். நானே ஏறிப் போறேனே, சாகறதுக்கா ஏறினேன்?"

அதுதான் ரவ்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்போது இந்த ஆள் பொய் சொல்லவில்லை. தான் எழுதிய பொய்யைத் தானே நம்பி, அதன் மேலேயே ஏறி நின்றிருந்தார். ஆளைப் பிடித்துத் தரச் சொன்னதும் அந்த நம்பிக்கையில்தான்.

"வாங்க, திறந்து பாத்துடலாம்," என்றாள்.

நட்டுகள் எளிதில் அசையவில்லை. பெயின்டைச் செதுக்கி, எண்ணெய் விட்டு, நீளக் குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்கினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. மூடி விலகியதும் துருவும் பழைய காற்றும் கலந்த நாற்றம் மேலே வந்தது. உள்ளே காற்றை ஊதிவிட்டு விளக்கை இறக்கினார்கள். இடுப்பளவு ஆழம்தான். கீழே தகடு செம்மண் நிறத்தில் கிடந்தது.

கஸ்லானே முதலில் இறங்கினார். ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொண்டார். "இரும்பு. பாருங்க, இரும்பு!" என்று சொல்லி, 33க்கும் 34க்கும் நடுவில் ஓங்கித் தட்டினார்.

மணி மாதிரி கேட்கவில்லை. பிஸ்கட் உடைவது போலக் கேட்டது. ஸ்பேனரின் முனை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் பதறி இழுத்ததும், கால்வாய்த் தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குப் பீறிட்டு அவர் மார்பில் அடித்தது.

 கடலுக்குள் முழு வேகத்தில் போயிருந்தால் என்ற நினைப்பு அந்தச் சின்ன அறையில் எல்லோருடைய முகத்திலும் ஓடியது.

"தள்ளுங்க," என்றார் முங்கி.

யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து கூரான மரமுளை ஒன்றையும் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். முளையில் துணியைச் சுற்றி ஓட்டையில் செருகி, சுத்தியலை விலங்கோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து, தகடு வலிக்குமோ என்று பயப்படுகிறவர் போல மெதுவாக அடித்தார். ஆறேழு அடி. தண்ணீர் கசிவாகிச் சொட்டாகி நின்றது.

கஸ்லான் நனைந்த சட்டையோடு கப்பலின் விலாவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இனி இதையும் வெட்டிடுவாங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ரவ்தா முங்கியின் விலங்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றிய பிறகும் அவர் கைகளைச் சேர்த்தே வைத்திருந்தார்.

அவள் போன் அதிர்ந்தது. கூட்டம் முடிந்த தளபதி. முதலில் பாலத்திலிருந்து காரை எடுக்கச் சொன்னார். பிறகுதான் கப்பலைப் பற்றிக் கேட்டார். சொன்னாள்.  கடைசியில், முங்கி மேல் போட்ட வழக்கு அப்படியே நிற்கும் என்றார். போர்க்கப்பலின் எஞ்சினில் கைவைத்தது வைத்ததுதான். சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இல்லை.

"சார், அவர் இல்லேன்னா மூணு தடவை நாப்பது பேர்..."

"அறிக்கையில எழுதுங்க ரவ்தா. படிக்கறேன்."

படிக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் போனைக் கால்வாயில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. குற்றப் படிவத்தை எடுத்து முங்கியின் பெயர் மேல் பேனாவை வைத்தாள். அடிப்பதா, விடுவதா?

"அடிக்காதீங்க லல்லா," என்றார் முங்கி. "நான் செஞ்சதுதான். இருக்கட்டும். அதுக்குக் கீழ இவர் பேரையும் எழுதுங்க, அது போதும்."

எழுதினாள். கஸ்லான் தடுக்கவில்லை. எழுத்துக்கூட்டல் சரிதானா என்று மட்டும் எட்டிப் பார்த்தார்.

ஷெத்லி மெல்ல நெருங்கி வந்தான். "மேடம், அப்ப கேஸ் முடிஞ்சுதா இல்லையா? மாமனாருக்குப் பதில் சொல்லணும்."

"தெரியலடா," என்றாள். முதல்முறையாக அவனை டா போட்டிருந்தாள்.

முங்கி குனிந்து முளையை ஒரு முறை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துத் தயங்கியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நாலு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள டாக்ல ஏத்தச் சொல்லுங்க லல்லா. மனுவெல்லாம் வேணாம். போன்லயே சொல்லிடுங்க."